ஆறு பியானோ துண்டுகளும் ஒரு நாய் அறிவிப்பும்

மைக் செட்டு போடுகிறவன் மீது என்னென்ன வந்து விழும் என்பதை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. என் மீது விழுந்தவற்றைச் சொல்கிறேன். ஒற்றைச் செருப்பு, தேங்காய் மூடி, பாதி கடித்த புரோட்டா, ஒரு தடவை கல்யாண வீட்டுக்காரர் ஒருவரின் மூக்குக் கண்ணாடி. கண்ணாடியை அவரே வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார். இவற்றில் ஒன்றுகூட சத்தம் அதிகமாக இருந்ததற்காக வந்ததில்லை. எல்லாம் சத்தம் நின்றுபோனதற்காக வந்தவை.

என்னை இந்தத் தொழிலில் இறக்கிவிட்ட முதலாளி குமுளியில் கடை வைத்திருந்தார். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். அவர் எனக்குப் பாடம் எடுத்தது ஒரே ஒரு நாள்தான். அதுவும் என்னைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, கீழே நின்று பீடி பிடித்தபடி.

"ஏலே, குழாய் ஸ்பீக்கரக் கட்டிட்டா அது பேசிக்கிட்டே இருக்கணும். பேச ஆளில்லன்னா பாட்டப் போடு. பாட்டும் இல்லன்னா ஹலோ ஹலோன்னு நீயே கத்து. வாய மூடிச்சின்னா செட்டு செத்துப்போச்சுன்னு ஊரே நினைக்கும். அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான்."

ஐந்தாம் வகுப்பில் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வெளியே வந்த எனக்கு, வாழ்க்கையில் முழுசாகப் புரிந்த பாடம் அது ஒன்றுதான். அன்றிலிருந்து என் இடது கை எப்போதும் பாட்டு போடும் பொத்தான் மேலேயே இருக்கும். மேடையில் யாராவது தண்ணீர் குடிக்க நிறுத்தினால் போதும், கை தானாகத் தட்டிவிடும். ஒரு இரங்கல் கூட்டத்தில் பேசியவருக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. அந்த இடத்தில் நாதசுரம் போட்டுவிட்டேன். அவர் இறங்கி வந்து, "நல்ல நேரத்துல கை குடுத்தீங்க அண்ணாச்சி, எனக்கு அதுக்கு மேல பேச விசயமே இல்ல" என்றார். இப்படிப் பாராட்டு வாங்கினால் கெட்ட பழக்கம் எப்படிப் போகும்?

அந்தக் கையால்தான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஒயர் எப்படிச் சுற்றுவது, எந்த ஸ்பீக்கர் எங்கே வைப்பது என்பதெல்லாம் நீங்கள் போனில் பார்த்தே என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் எஸ்தர் தேயிலைக் கொளுந்து எடுக்கிறவள். புருசன் போனபின் அந்தக் கூடைதான் வீட்டைத் தூக்கி நிறுத்தியது. அவள் மகள் ரூத். எங்கள் சர்ச்சில் ஒரு பியானோ உண்டு. பங்களாவை விற்றுவிட்டுப் போன ஒரு குடும்பம், இறக்கிக்கொண்டு போகச் செலவாகும் என்று கர்த்தருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதில் முந்தைய போதகரின் மனைவி ரூத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பிள்ளை விடவில்லை. போனில் பாடம் பார்த்துப் பார்த்துத் தானே படித்தது. நான் ஆராதனைக்கு மைக் வைக்கப் போகும்போதெல்லாம் விரலை மேசையில் தட்டிக்கொண்டே பேசும். முதலில் நடுக்க வியாதி என்று நினைத்துவிட்டேன்.

வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றில், கட்டணம் இல்லாமல் படிக்க ஒரு இடம் இருந்தது. அதற்கு வாசித்து வீடியோ அனுப்ப வேண்டும். ஆறு சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு ஜெர்மன்காரர் வயதான காலத்தில் எழுதியதாம். அந்த மனிதர் அங்கே இதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் இங்கே நம் பாட்டன்மாரைக் கூட்டிவந்து காடு வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். கேமராவை நடுவில் நிறுத்தக் கூடாது, வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. வாசிக்கிற கை தெரிய வேண்டும். இதுதான் நிபந்தனை.

இடம் கிடைக்காவிட்டால் ரூத் கோட்டயத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. அங்கே தங்குவதற்கு இடமும் பார்த்து வைத்திருந்தாள் எஸ்தர். ஜவுளிக்கடை கேவலமில்லை. ஆனால் அங்கே பியானோ கிடையாது.

வீடியோ எடுக்க வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மழை கெடுத்தது. அடுத்த ஞாயிறு பியானோவில் ஒரு கட்டை அமுங்கினால் எழும்பவில்லை. அதைச் சரிபண்ணுகிற ஆள் கோட்டயத்திலிருந்து வந்து போனபோது கடைசி ஞாயிறு வந்துவிட்டது. அன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

அதில் போதகர் வேறு ஒரு நிபந்தனை வைத்தார். "பியானோ சபையோடதுல்லா. சபையும் கேக்கட்டுமே. ஆராதனை முடிஞ்சி சாப்பிட்டுட்டு எல்லாரும் வந்து உக்காரட்டும். ஒரு சின்னப் பரிபாடியா வச்சிருவோம்." நல்ல மனிதர். எந்த வேலையையும் நிகழ்ச்சியாக மாற்றாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆகவே கேமராவுக்கு என்னுடைய நல்ல மைக் இரண்டு. வராந்தாவில் உட்காருகிறவர்களுக்காக ஸ்பீக்கர் இரண்டு, அதற்குத் தனி மைக். கரண்டு போனால் போட, சர்ச் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர். அதற்குக் காவல் என் மச்சினன் ஞானமுத்து. கரண்டு போய் யாராவது 'அய்யோ' என்பதற்குள் கயிற்றை இழுத்து ஓடவைத்துவிடுவான். இந்த மலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

நான் குனிந்து ஒயருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது ரூத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"மாமா, ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். ஒண்ணோட மனசு போயி அடுத்ததுக்கு வரணும்லா. அப்ப யாரும் ஒண்ணும் பண்ணக் கூடாது. நீங்களும்தான்."

"செரி செரி."

"கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன்மா. சும்மா இருக்கணும். நான் சும்மாதானே இருக்கேன் எப்பவும், ஒங்க அத்தையக் கேட்டுப் பாரு."

டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னேன். கடித்துக்கொண்டு சொன்ன வாக்கு எதுவும் நிற்காது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சபை நிறைந்தது. போதகர் ஜெபம் பண்ணினார். ரூத் உட்கார்ந்தது. முதல் துண்டு, யாரோ கோபமாக வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, நாலு வார்த்தை கத்திவிட்டு, பிறகு தானே தணிந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. முடிந்ததும் இரண்டு பேர் கைதட்டப் போனார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது துண்டு வேறு. காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியை வெறுமனே தடவிக் கொடுக்கிற மாதிரி. அதில் ஒரு இடத்தில் எனக்கே, யாருக்கும் தெரியாமல், கண்ணில் ஏதோ விழுந்தது. கடைசியில் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, இறங்கி, நின்றுவிட்டது.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

என் ஸ்பீக்கர்களிலும் ஒரு சத்தமும் இல்லை.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை போயிருக்காது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது கை அதன் பாட்டுக்குப் போய்ப் பொத்தானைத் தட்டியது. முந்தின நாள் ஜீப்பில் குழாய் கட்டிச் சுற்றிப் போட்ட அறிவிப்பு, செட்டில் செருகியிருந்த பென் டிரைவில்தான் இருந்தது. என் சொந்தக் குரல். ஆண்டவருடைய ஆலயத்தில், அவ்வளவு மிருதுவான ஒன்று முடிந்த அதே நொடியில், இரண்டு ஸ்பீக்கரும் முழங்கின:

"அன்பார்ந்த பொதுமக்களே, வளர்ப்பு நாய்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசி முகாம். நாய் வளர்ப்போர் தங்கள் நாயைச் சங்கிலியில் கட்டி, வாயை மூடிக் கொண்டு வரவும்."

நான் பாய்ந்து நிறுத்தினேன். நிறுத்துகிற அவசரத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டு, பிறகு நிறுத்தினேன்.

வராந்தாவிலிருந்து ஒருவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அண்ணாச்சி, எத்தன மணிக்குன்னு சொல்லலையே?"

சபையே சிரித்தது. போதகர் சிரிப்பை அடக்க வேதாகமத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ரூத் சிரிக்கவில்லை. பியானோ மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. எஸ்தர் முதல் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் வாய் எங்கள் எஸ்டேட்டில் பிரசித்தம். சூப்பர்வைசர்கூட அவள் இருக்கும் பாத்திப் பக்கம் சுற்றுப்பாதையில்தான் போவார். அந்த வாய் திறக்காததற்கு, ஒரு செருப்பே வந்து விழுந்திருக்கலாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் பியானோ என்ன, பீரங்கி வைத்தாலும் மைக்கில் ஏறாது.

ரூத்திடம் போய் நின்றேன். "பிள்ள, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, விரல் இப்பதான் சூடாயிருக்கு. இன்னொரு தடவ வாசிக்க முடியும். அதுக்கு மேல கை தாங்காது." தலையை நிமிர்த்தி ஸ்பீக்கர்களைக் காட்டியது. "அந்த ரெண்டு பொட்டியோட ஒயரையும் பிடுங்கிருங்க."

இந்தத் தொழிலில் எவனும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. காசு கொடுத்துக் கட்டச் சொல்வார்கள். கட்டின ஸ்பீக்கரைப் பிடுங்கச் சொன்னது அந்தப் பிள்ளை ஒன்றுதான். பிடுங்கினேன். போதகர் வராந்தாக்காரர்களை உள்ளே நெருக்கி உட்கார வைத்தார். எல்லாரும் தயாரானதும் நான் முன்னால் போய் நின்று, செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு ஏற்பாடு சொன்னேன்.

"எப்ப கைதட்டணும்னு ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தட்டினா தட்டுங்க. நான் தட்டலன்னா எவ்வளவு நேரமானாலும் மூச்சு விடாம இருங்க."

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆறு வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான். அதுவே போதும் என்று நினைத்தேன்.

பின்வரிசையில் போய் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். கேமரா ஓட ஆரம்பித்தது. கோபக்காரர் வந்தார், தணிந்தார். முடிந்தது. சத்தமில்லை. இடது கை தொடைக்குக் கீழே கோழிக்குஞ்சு மாதிரித் துள்ளியது. அழுத்திக்கொண்டேன். அப்போதுதான் அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் என்னென்ன இருக்கிறது என்பது என் காதில் விழுந்தது. யாரோ எச்சில் விழுங்கியது. கூரையில் இலை ஒன்று நகர்ந்தது. ரூத் மூச்சை இழுத்தது. அந்த மூச்சிலேயே அடுத்த துண்டு தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. இத்தனை வருடம் நான் நாதசுரம் போட்டு அடைத்தது இந்த இடத்தைத்தான்.

இரண்டாவதும் முடிந்தது. கை அடங்கியே இருந்தது. மூன்றாவது, ஏற்றத்தில் லோடு ஜீப் ஏறுகிற மாதிரி தடதடவென்று போனது. பாதி ஏற்றத்தில் கரண்டு போனது.

விளக்கு அணைந்ததும் சபை 'ஸ்' என்றது. ரூத் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டியதே இல்லை, எல்லாம் விரலில் இருந்தது. கேமராவும் மைக்கும் பேட்டரியில் ஓடுபவை. எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் கேமராத் திரையில் கை மங்கலாகத்தான், ஆனால் விரல் விரலாகத் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விடப்போகும்போதுதான் ஞானமுத்து ஞாபகம் வந்தது.

மலையிலேயே வேகமான ஆள். அவனுடைய ஜெனரேட்டரோ, டிராக்டரை டப்பாவுக்குள் போட்டு உருட்டின சத்தம்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். பக்கவாசல் ஏற்கெனவே திறந்திருந்தது, அதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வராந்தாத் திண்டைத் தாண்டிக் குதித்ததில் தேயிலைச் செடிக்குள் விழுந்தேன். எழுந்து போனபோது அவன் கயிற்றைச் சுற்றி, ஒரு காலை மிஷின் மேல் ஊன்றி, இழுக்கக் குனிந்திருந்தான். கத்த முடியாது. ஓடிப்போய் ஜெனரேட்டர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க அத்தான்," என்றான்.

"மெதுவாப் பேசு. எந்திரிக்க மாட்டேன்."

"கரண்டு போயிருச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சா எந்திரிங்க. இழுக்கணும்லா."

"உள்ள பிள்ள வாசிக்குதுடே."

"அதுக்குத்தானே போடணும்ங்கேன். இருட்டுல எப்படி வாசிக்கும்?"

"அதுக்கு இருட்டு பரவால்ல. ஒன் ஜெனரேட்டர்தான் ஆகாது."

"என் ஜெனரேட்டரா? போன வாரம் நல்லா ஓடுதுன்னு நாலு பேரு சொன்னப்ப ஒங்க ஜெனரேட்டரா இருந்திச்சி."

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் கயிற்றை விடவில்லை. என் தொடைக்கு நடுவே கயிறு, அதன் மறுமுனை அவன் கையில். மாடு பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றான். மண்டபத்தின் பின்ஜன்னல் வழியாகப் பியானோ கேட்டது. ஜீப் ஏறி முடித்து நின்றது. சத்தமில்லை.

"நின்னுட்டு," என்றான் ஞானமுத்து. "போடட்டா?"

"இது நடுவுல நிக்கது. இன்னும் இருக்கு."

இருந்தது. அடுத்தது, இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு அலைகிற மாதிரி. பிறகு நிறுத்தம். பிறகு வெயில் அடித்த மாதிரி ஒன்று. அதன் நடுவே குருவிகள் கூட்டமாகப் பறந்த மாதிரி விரல்கள் ஓடின. நிறுத்தம். இதற்கிடையில் போதகர் பக்கவாசலில் தலையை நீட்டி, கையால் விளக்கைக் காட்டிக் கேட்டார். நான் ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பினேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, அவரும் கூப்பிவிட்டு உள்ளே போனார்.

பிறகு ஒன்று வந்தது. ஒற்றை விரலில் தனியாக ஒரு வரி. பனி இறங்குகிற மாதிரி. நடுவில் ஒரு தடவை பெரிசாக எழும்பிக் கையை ஓங்கியது, பிறகு விழுந்துவிட்டது. கடைசியில் ஒன்றுமே இல்லாமல் கரைந்தது. சத்தமில்லை.

"முடிஞ்சிட்டுல்லா?" என்றான் ஞானமுத்து.

"எத்தன ஆச்சு?"

"நீங்கதானே எண்ணணும்."

"நீ என்னப் பேச வச்சு எண்ண விடலயேடே."

"நானா மிஷின் மேல ஏறி உக்காந்தேன்?"

பாருங்கள் பிள்ளைகளே. ஆறு வரை எண்ணத் தெரிந்த ஒரே தகுதியையும் அந்த இடத்தில் தொலைத்துவிட்டேன். இது ஐந்தா, ஆறா? வெயிலும் குருவியும் ஒரே துண்டா, இரண்டா? உள்ளே சபை முழுவதும் என் கைதட்டலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மேலே மேகம் கூரையைத் தொட்டுவிட்டது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் யோசித்ததுதான் இந்தத் தொழிலில் நான் உருப்படியாக யோசித்த ஒரே விசயம். தட்டிவிட்டு, அது முடியவில்லை என்றால், போச்சு. ஜவுளிக்கடைதான். தட்டாமல் இருந்து, அது முடிந்திருந்தால், எல்லாரும் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு இருப்பார்கள், என்னைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். இரண்டும் தப்புதான். ஆனால் ஒன்றைத் திருத்த முடியும், இன்னொன்றைத் திருத்த முடியாது. அவசரத்தில் எது சரி என்று தெரியாதபோது, எந்தத் தப்பைப் பிறகு சரிபண்ண முடியுமோ அந்தத் தப்பைப் பண்ணுங்கள். நான் தட்டவில்லை. ஜெனரேட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

நேரம் போனது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஞானமுத்து கயிற்றை ஒருமுறை மெதுவாகச் சுண்டிப் பார்த்தான், நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மச்சினனோடு இவ்வளவு நேரம் கைகோத்துக்கொண்டு நான் இருந்ததில்லை, என் கல்யாணத்திலும்கூட.

பின்ஜன்னலில் எஸ்தரின் முகம் தெரிந்தது. கம்பிக்குள் வாயை வைத்து, காற்றாகப் பேசினாள்.

"அண்ணாச்சி. தட்டலாமா?"

"முடிஞ்சிட்டா?"

"அவ எந்திரிச்சு நிக்கா. அப்பவே நிக்கா. எல்லாரும் ஒங்களத் தேடுதாவ."

"அப்ப தட்டுங்கம்மா, தட்டுங்க."

அவள் திரும்பிக் கையை உயர்த்தினாள். அப்போது எழும்பிய சத்தம் இருக்கிறதே, அதைப் பெருக்கிக் காட்ட எந்தக் கம்பெனி ஸ்பீக்கரும் தேவையில்லை. ஞானமுத்துவும் கயிற்றைப் போட்டுவிட்டுத் தட்டினான், ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமலே. நான் இறங்கப் பார்த்தேன். கால் மரத்துப்போய் இறங்க முடியவில்லை. அவன்தான் என்னைத் தூக்கி இறக்கினான்.

உள்ளே போனால் ரூத் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நடுநடுவே புருவம் சுருங்கும், எனக்கு உயிர் போய் வரும். கடைசியில் காதிலிருந்து எடுத்தது.

"நல்லா வந்திருக்கு மாமா. லைட் போன எடம்கூட நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில ஏன் இவ்வளவு நேரம் யாருமே தட்டல?"

"மரியாதைம்மா," என்றேன்.

மழை அப்போதுதான் கூரையில் விழுந்தது. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. விழட்டும்.

வீடியோவைப் போனுக்கு மாற்றியாயிற்று, அனுப்ப வேண்டுமே. கரண்டு போனால் எங்கள் பக்கம் டவரும் படுத்துவிடும். குமுளி இறக்கத்தில், கம்பம் பள்ளத்தாக்கு தெரிகிற வளைவில் நின்றால் தமிழ்நாட்டுப் பக்கத்து டவர் கிடைக்கும். எஸ்தரையும் ரூத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

வளைவில் ஓரமாக நிறுத்தினோம். ரூத் போனை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. திரையில் ஒரு கோடு நிறைய ஆரம்பித்தது. பாதியில் நின்றது. மூன்று பேரும் அசையவில்லை, அசைந்தால் சிக்னல் போய்விடும் என்று. கீழே இறங்குகிற லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கோடு மறுபடியும் நகர்ந்தது. நகர்ந்து, நகர்ந்து, நிறைந்தது.

"போயிட்டு மாமா," என்றது ரூத். "கெடச்சிட்டுன்னு பதில் வந்திருச்சி."

இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, நாலைந்து வாரம் கழித்துத் தெரிந்தது. இப்போது எங்கள் மலையைவிடக் குளிரான ஊரில் கையுறை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறதாம். ஆனால் அன்றைக்கு அந்த வளைவில் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அனுப்பியாயிற்று என்பது மட்டும்தான் தெரியும். அதுவே நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கினது போல இருந்தது.

ஜீப்பைத் திருப்பினேன். எஸ்தர் தொண்டையைச் செருமினாள்.

"அண்ணாச்சி."

"சொல்லும்மா."

"முடிஞ்சிட்டுல்லா? இனி ஒண்ணும் பாக்கி இல்லல்லா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப கேளுங்க. நாய்க்கு ஊசியாம்லா? எம்பிள்ள உயிரக் குடுத்து வாசிக்கா, நீரு நாயக் கூப்பிடுதீரா? வாய மூடிக் கொண்டு வரணுமாம்ல, மொதல்ல ஒம்ம கைய மூடிக் கொண்டு வந்தீரா? இத்தன வயசுல ஒரு கைய அடக்கத் தெரியல..."

மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. 'நீங்க' போய் 'நீரு' வந்தது. என் அப்பா வந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றது வந்தது. ஜெனரேட்டரும் ஞானமுத்துவும் வந்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா", "அதுவும் உண்மைதான்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவ்வளவு திட்டை அவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் வாங்கியதில்லை.

பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் ரூத் இரண்டு கையையும் மடியில் மல்லாக்கப் போட்டு, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு எஸ்தரும் திரும்பிப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பின்னால் எட்டி, மழைச்சாரல் அடிக்கிற ஜன்னல் இடுக்கில் திணித்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, அவர்கள் லயத்து வீட்டு வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.